உருவெளிப்பாடும் மெய்ம்மையும்

ஆழ்வார் எம்பெருமானைக் கண்டது மெய்யா, கவிபாவனையா என்று கேட்பார் இன்று பலர். மெய்யென்று நாட்டப் புகும் அன்பர்களோ, கண்டதெல்லாம் புறக்கண்ணாலேயே என்று விடை கூறிவிடுகின்றனர். இவ்விரண்டும் பூர்வாசார்யர்களின் திருவுள்ளத்தோடு பொருந்தா.

திருவாய்மொழி ஐந்தாம் பத்து ஐந்தாம் திருவாய்மொழியை நோக்குக. திருக்குறுங்குடி நம்பியின் சங்கும் ஆழியும் திருக்கண்களும் தன் முன்னே நிற்பதாகத் தலைவி சொல்லுகிறாள். அன்னையரோ அவளை முனிகின்றனர். வ்யாக்யாதாக்கள் இதனை உருவெளிப்பாடு என்றே வழங்கினர்; பாஹ்ய ஸம்ச்லேஷம் என்றிலர். காட்சி தெளிவாயிருந்தும் அணைக்கக் கிட்டாமையாலே இன்பமும் துன்பமும் இங்கே கலந்து நிற்கின்றன.

தெளிவு ஒன்றே மெய்ம்மைக்குச் சான்றாகுமோ எனின், ஆகாது. மாரீசன் மரந்தோறும் இராமனைக் காண்பதாக இராவணனிடம் சொன்னான். அம்மரங்களில் பெருமாள் இலர். பாவனையின் மிகுதியால் பிறக்கும் யோகி ப்ரத்யக்ஷம் எத்துணை விசதமாயினும், முன்பு அநுபவித்ததன் ஸ்ம்ருதியே என்னும் விசாரம் ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் வருகிறது. ப்ரஹ்மத்துக்கு சாஸ்த்ரமே ப்ரமாணம் என்பது அவ்வதிகரணத்தின் முடிவு.

ஆயினும் மாரீசன் கண்டது வெறும் பொய்யுமன்று. விச்வாமித்ரர் வேள்வியில் பெருமாளின் அம்பு அவனைக் கடலில் எறிந்தது மெய். அதனாலன்றோ அச்சம் பிறந்தது, அச்சத்தாலன்றோ தோற்றம் பிறந்தது? தோற்றத்தில் அவர் இல்லாமற்போனாலும், தோற்றத்துக்குக் காரணம் அவரே. அங்கு அச்சம் செய்ததை இங்கு அன்பு செய்கிறது. தலைவியும் நம்பியின் அழகைக் கண்ட பின்னரே தன் நெஞ்சு இந்நிலை அடைந்ததாகக் கூறுகிறாள். ஆகவே வினவவேண்டியது, இத்தோற்றம் மெய்யா என்பதன்று. முன்னைய காட்சி எங்ஙனம் வாய்த்தது என்பதே.

ஆழ்வார் திருக்குருகூர்த் திருப்புளியடியை விட்டு எழுந்தருளவில்லை என்பது குருபரம்பரை கூறும் செய்தி. எனவே அக்காட்சியும் மாநஸ ஸாக்ஷாத்காரமே. அது அவர் சாதனத்தால் ஈட்டியதன்று. அறியாமை நீங்க ஞானபக்திகளை அவனே அருளினான் என்று முதற்பாசுரத்திலேயே காட்டப்பெற்றது. அருளினவன் அவன் என்பதை நம்பாதார்க்கு இது நிரூபணமாகாது என்பதை ஒப்புக்கொள்வதில் குறையொன்றுமில்லை. நம்புவார்க்கும் பற்றுக்கோடு காட்சியின் தெளிவன்று. கண்ட பொருள் சாஸ்த்ரம் காட்டும் பொருளோடு ஒத்திருத்தலும், காட்டியவனது நிர்ஹேதுக க்ருபையுமே.

இவ்வெல்லையைக் காக்காவிடில் நூல் சிதையும். எல்லாம் நேர்க்கலவி என்பார்க்கு, முந்தின திருவாய்மொழியில் விடியாத இரவில் ஆழ்வார் பட்ட ஆற்றாமைக்கு இடமில்லை. எல்லாம் கற்பனை என்பார்க்கு, அவ்வாற்றாமைக்கு விஷயமாவார் ஒருவரில்லை. மாநஸாநுபவம் வேறு, பாஹ்ய ஸம்ச்லேஷம் வேறு என்று பிரித்துரைத்த வ்யாக்யாதாக்களின் வழியிலேயே ஆழ்வார் கண்டதும் மெய்யாகிறது, அழுததும் மெய்யாகிறது.