நாரைக் கண்டோம், பிசினை மறந்தோம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் படகுகளைப் 'பைபர் படகு' என்கிறோம். பைபர் என்றால் நார். இங்கே அது கண்ணாடி நார். ஆனால், கையால் அடுக்கிச் செய்யப்படும் இவ்வகைப் படகின் எடையில் அந்த நார் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றது பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசின். பெயரை மட்டும் நார் தட்டிக்கொண்டு போய்விட்டது!

கழிவு நாரிலிருந்து 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' கூட்டுப்பொருள் செய்ததாகக் கூறும் ஆய்வுகள் பலவற்றிலும் இதே மயக்கத்தைக் காண்கிறோம். தென்னை நார், வாழை நார் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பிசினுக்கு ஒரு வரி கிடைக்கும். அப்படிப்பட்ட மாணவர் திட்டம் ஒன்றுக்கு நானும் தாராளமாக மதிப்பெண் அளித்தவனே.

நல்ல ஆய்வு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நாரிலுள்ள செல்லுலோஸ் நீரை விரும்புவது. பிசினோ நீரை விலக்குவது. எனவே இரண்டும் எளிதில் ஒட்டுவதில்லை. திருவனந்தபுரம் மண்டல ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பிரசாத், பவித்திரன், ரோகத்கி ஆகியோர் தென்னை நாரை 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் மூன்று நாள் ஊறவைத்தனர். பிறகு பாலியெஸ்டருடன் சேர்த்தபோது வளைவு வலிமை சுமார் 40 சதவீதம் கூடியது என 1983-இல் அறிவித்தனர். போற்றத்தக்க பணி! ஆனால் இந்த உயர்வு பதப்படுத்தாத தென்னை நாரோடு ஒப்பிட்டுக் கண்டது என்பதை மறக்கலாகாது. கண்ணாடி நாரின் யங் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல். தென்னை நாருக்கு 4 முதல் 6 வரை. பாலியெஸ்டருக்கே சுமார் 3 உண்டு. ஆகவே தென்னை நார் பிசினுக்கு முதுகெலும்பாவதைவிட, இடத்தை நிரப்புவதே அதிகம்.

சரித்திரமும் ஒரு பாடம் சொல்கிறது. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார் 1957 முதல் 1991 வரை 30 லட்சம் அளவில் உற்பத்தியாயிற்று. அதன் மேற்கூட்டுத் தகடுகள் கழிவுப் பஞ்சும் பீனால் பிசினும் சேர்ந்தவை. அவை துருப்பிடிக்கவில்லை, மக்கவும் இல்லை, இரும்பைப் போல உருக்கி வார்க்கவும் வழியில்லை. கழிவிலிருந்து பிறந்த பொருள், முடிவில் தானே தீராத கழிவாயிற்று.

எண்ணூர், திருவொற்றியூர் மக்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. இந்தப் பிசின்களும் பெட்ரோலிய வழிப் பொருள்களே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்ததைக் கண்டவர்கள் அவர்கள். ஆகவே எந்தக் கூட்டுப்பொருளைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்போம்: எடையில் பிசின் எவ்வளவு? ஊறவைத்த சோடா நீர் எங்கே போகும்? உடைந்தபின் பொருள் என்னவாகும்?

பிசினே இல்லாத வழியும் உண்டு. நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வாளர்கள், தேங்காய் மட்டையை முழுதாக அரைத்துச் சூட்டில் அழுத்தினால், அதிலுள்ள லிக்னினே பசையாகிப் பலகை உருவாகும் என 2004-இல் காட்டினர். இராயபுரம் தெருவோரங்களில் குவியும் இளநீர் மட்டையைக் கொண்டு இதைச் சோதிக்க நம் மாணவர்கள் முன்வரலாம். இளநீர் மட்டையில் ஈரம் மிகுதி. அதை உலர்த்தும் எரிபொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாரை மட்டும் எழுதிப் பிசினை விட்ட கணக்கு, வரவை எழுதிச் செலவை மறைத்த கணக்காகும்.