விவிலியக் கதைகள் வழி நன்னெறிக் கல்வி: ஒரு மதிப்பீடு

விவிலியக் கதைகளைச் சொல்லி, அவற்றை ஒட்டிய பாட்டு, நடிப்பு, ஓவியம், கைவேலை ஆகியவற்றின் வழியாகக் குழந்தைகளிடம் நற்பண்புகளை வளர்க்கும் முறை கிறித்தவத் திருச்சபைகளில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. தமிழ்நாட்டில் ஞாயிறு பள்ளிகளும், மறைக்கல்வி வகுப்புகளும், கோடை விடுமுறையில் நடக்கும் வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளும் இம்முறையைக் கையாள்கின்றன. அதன் பயனை ஓர் ஆசிரியரின் நோக்கில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சமயக் கொள்கைகளின் சரி, தவறு இங்கே ஆராயப்படவில்லை. கதையும் செயல்பாடும் குழந்தையின் நடத்தையை உண்மையிலேயே தொடுகின்றனவா என்பதே கேள்வி.

தோற்றம்

இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். வாரத்தின் ஆறு நாளும் குண்டூசித் தொழிற்சாலைகளில் உழைத்த ஏழைக் குழந்தைகளுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். அன்று அவர்களுக்கு எழுத்தறிவு கற்பிக்கப்பட்டது. விவிலியம் வாசிப்பு நூலாகவும் பயன்பட்டது. பின்னர் 1898-இல் நியூயார்க்கின் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் எலைசா ஹாவ்ஸ் என்ற பெண்மணி, கோடை விடுமுறையில் தெருவில் அலைந்த குழந்தைகளைக் கூட்டி நடத்திய வகுப்பு, இன்றைய விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இவ்விரு முயற்சிகளிலும் குழந்தைக்கு உண்மையாகத் தேவைப்பட்ட ஒன்று கிடைத்தது. முதலாவதில் எழுத்தறிவு, இரண்டாவதில் பாதுகாப்பான ஓர் இடம். வகுப்பில் செய்த வேலைக்கும் குழந்தையின் வாழ்க்கைக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. இன்றைய வகுப்புகளில் பலவற்றில் இத்தொடர்பு மெலிந்துவிட்டது.

கதைகள் சுருங்கும் விதம்

பெரும்பாலான பாடக் குறிப்புகளில் ஒரு கதைக்கு ஒரு பண்பு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். யோனா என்றால் கீழ்ப்படிதல், தாவீது என்றால் துணிவு, சகேயு என்றால் மனமாற்றம். இது ஆசிரியருக்கு வசதியான ஏற்பாடு. ஆனால் கதையின் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டில் காணாமற் போகிறது.

யோனா நூலில் நான்கு அதிகாரங்கள் உள்ளன. சொல்பேச்சுக் கேட்காதவனை மீன் விழுங்கியது, பிறகு அவன் கீழ்ப்படிந்தான் என்பதோடு பல வகுப்புகளில் கதை முடிந்துவிடுகிறது. மூல நூலில் மீன் தண்டனையாக மட்டும் வரவில்லை. கடலில் மூழ்க இருந்தவனைக் காப்பாற்றவும் செய்கிறது. மீனின் வயிற்றிலிருந்து யோனா செய்யும் வேண்டுதலில் நன்றி இருக்கிறது. கதையின் சிக்கலான இடம் நான்காம் அதிகாரத்தில் வருகிறது. பகைவரின் நகரான நினிவே திருந்தி, அழிவிலிருந்து தப்பியதைக் கண்டு யோனா கோபம் கொள்கிறார். தமக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்காக வருந்துகிறார். ஒரு செடிக்காக நீ வருந்தலாம் என்றால், 1,20,000-க்கும் மேற்பட்ட மக்களும் ஏராளமான கால்நடைகளும் உள்ள நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்ற பொருளில் கடவுள் கேட்கும் கேள்வியோடு நூல் முடிகிறது. யோனாவின் பதில் நூலில் இல்லை. நமக்குப் பிடிக்காதவருக்கு நல்லது நடந்தால் நாம் என்ன செய்வோம் என்ற கேள்வி பத்து வயதுக் குழந்தைக்கும் புரியக்கூடியதே. வகுப்பில் பிடிக்காத பிள்ளைக்குப் பரிசு கிடைத்த அனுபவம் அதற்கு இருக்கும். அந்த அதிகாரத்தை விட்டுவிட்டு மீனோடு நிறுத்தும்போது, எஞ்சுவது அச்சம் மட்டுமே.

நல்ல சமாரியன் கதையில் (லூக்கா 10) இழப்பு இன்னும் பெரிது. இக்கதையைக் கேட்ட யூதர்களுக்குச் சமாரியர் இழிவாகக் கருதப்பட்ட மக்கள். இரு பிரிவினரும் ஒருவரோடொருவர் பழகுவதில்லை. சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டபோது அவள் வியப்படைந்தது அதனால்தான். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கடந்து போக, ஒதுக்கப்பட்டவன் நின்று உதவினான் என்பதே கேட்டவர்களை உறுத்திய செய்தி. தமிழில் சமாரியன் என்ற சொல்லே இன்று நல்லவன் என்ற பொருளைத் தந்துவிடுவதால், அந்த உறுத்தல் குழந்தைகளை எட்டுவதில்லை. பிறருக்கு உதவுங்கள் என்ற பொது அறிவுரை மட்டும் மிஞ்சுகிறது.

தமிழ்ச் சூழலில் இது சிறிய குறை அன்று. சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்த ஊர்கள் இங்கே கிறித்தவர்களிடையேயும் உண்டு. சமாரியனுக்கு வண்ணம் தீட்டிவிட்டு வீடு திரும்பும் குழந்தை, அடுத்த தெருப் பிள்ளையின் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கேட்டு வளரலாம். இவ்விரண்டுக்கும் உள்ள முரணை வகுப்பு தொடாவிட்டால், வேறு எந்த இடம் தொடும்?

கதைகளே காட்டும் கற்பித்தல் முறை

விவிலியத்திலேயே கதை சொல்லிப் பண்பு கற்பிக்கும் காட்சிகள் உள்ளன. பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போர்முனையில் சாகவிட்ட தாவீது அரசனிடம் நாத்தான் என்ற இறைவாக்கினர் வருகிறார் (2 சாமுவேல் 12). அவர் அறிவுரையில் தொடங்குவதில்லை. ஏழை ஒருவன் பிள்ளைபோல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியை, மந்தைகள் உடைய செல்வன் ஒருவன் பறித்து விருந்து சமைத்த கதையைச் சொல்கிறார். அரசன் கொதித்துத் தீர்ப்புக் கூறுகிறான். அதன் பின்னரே, அந்த மனிதன் நீதான் என்று நாத்தான் உணர்த்துகிறார். கேட்பவரே தீர்ப்பளிக்க இடம்விட்டதால்தான் கதை அவரைத் தைத்தது.

சமாரியன் கதையும் இப்படியே முடிகிறது. அடிபட்டவனுக்கு மூவரில் எவன் அயலானாக இருந்தான் என்று இயேசு கேட்கிறார். கேள்வி எழுப்பிய சட்ட வல்லுநரே விடை சொல்ல நேர்கிறது. நம் வகுப்புகளிலோ விடை முதலிலேயே கரும்பலகையில் எழுதப்படுகிறது. இன்றைய பாடம் இரக்கம் என்று தலைப்பிட்ட பிறகு, குழந்தை தானாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

செயல்பாடுகள்

செய்து கற்றல் நல்ல கொள்கை. எதைச் செய்கிறோம் என்பதில்தான் சிக்கல். சகேயு பாடத்தின் முடிவில் காட்டத்தி மரத்துக்கு வண்ணம் தீட்டினால், குழந்தை பழகியது வண்ணம் தீட்டுதலை. கதையின் உயிர் மரத்தில் இல்லை. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சகேயு சொல்லும் இடத்தில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தலைப் பழக்கும் செயல்பாடே இப்பாடத்துக்கு உரியது.

மனப்பாட வசனத்துக்கும் வருகைக்கும் பரிசு தருவது மற்றொரு வழக்கம். பரிசு குழந்தைகளை வகுப்புக்கு வரவழைக்கும் என்பது உண்மை. ஆனால் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு உண்டு என்று முன்கூட்டிச் சொல்லிப் படம் வரையவைத்த குழந்தைகள், பின்னர்த் தாமாக வரைவதில் குறைந்த ஆர்வமே காட்டினர். பரிசு எதிர்பாராத குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. இரக்கத்தையும் நேர்மையையும் கற்பிக்கும் வகுப்பில் இது கவனிக்கத்தக்கது.

ஆய்வுகள் காட்டுவன

இத்துறையில் மூன்று ஆய்வுகளைக் கல்வியியல் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே ஆகிய இருவரும் நடத்தி 1928 முதல் 1930 வரை நூல்களாக வெளியிட்டது. 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஏமாற்ற வாய்ப்புள்ள சூழல்களை அமைத்துச் சோதித்தனர். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது. ஞாயிறு பள்ளிக்கு எவ்வளவு ஒழுங்காக வந்தார்கள் என்பதற்கும் நேர்மைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை.

இரண்டாவது, டார்லி, பேட்சன் ஆகியோர் 1973-இல் வெளியிட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேர் உரையாற்றுவதற்காக இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். சிலருக்குத் தரப்பட்ட தலைப்பே நல்ல சமாரியன் கதை. வழியில் ஒருவர் இருமி முனகியபடி சுருண்டு கிடந்தார். நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினர். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். சமாரியன் கதையை மனத்தில் வைத்திருந்தது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை.

மூன்றாவது, காங் லீ குழுவினர் 2014-இல் வெளியிட்டது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளிடம், பொய் சொன்னவர் துன்பப்படும் கதைகள் பொய்யைக் குறைக்கவில்லை. உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவன் பாராட்டுப் பெறும் கதை குறைத்தது. அதில் விவிலியக் கதைகள் சோதிக்கப்படவில்லை. எனினும், பொய் சொல்லி மாண்ட அனனியா, சப்பீராள் கதையைச் சிறு குழந்தைகளிடம் எச்சரிக்கையாகச் சொல்லும் ஆசிரியர் சற்று யோசிக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளைக் கொண்டு கதைகளால் பயனில்லை என்று முடிவு கட்டுவது தவறு. கதையை அறிந்திருத்தல் மட்டும் போதாது, அது சொல்லப்படும் விதமும் செயல்படும் சூழலும் முதன்மையானவை என்பதே அவை சொல்வது.

வகுப்பில் செய்யத்தக்கவை

1. பண்பின் பெயரைத் தலைப்பாக எழுதாமல் கதையைத் தொடங்கலாம்.

2. கதையை அதன் கடினமான பகுதியோடு சொல்லலாம். வயதுக்குப் பொருந்தாத கதையை வெட்டிச் சுருக்குவதைவிட, சில ஆண்டுகள் கழித்துச் சொல்வதே மேல்.

3. சமாரியன் கதையை நடிக்கும்போது ஒவ்வொரு குழந்தையையும் அடிபட்டவனாகப் படுக்கச் செய்யலாம். காலடி ஓசை நெருங்கி விலகியபோது என்ன நினைத்தாய் என்று கேட்கலாம். யார் உதவினால் நீ கூச்சப்படுவாய் என்பது அடுத்த கேள்வி.

4. சகேயு பாடத்துக்குப் பின், இரவல் வாங்கித் திருப்பாத பென்சில், புத்தகம் போன்ற ஒன்றை அந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். யார் கொடுத்தார் என்று வகுப்பில் விசாரிக்கக் கூடாது, பரிசும் கூடாது.

5. பாடத்தை முடிக்கும் அவசரத்தைக் குறைத்து, வாரம் ஒரு கதை என்பதை மாதம் இரண்டு கதை ஆக்கலாம்.

மதிப்பீடு

இம்முறையின் வலிமை அதன் கதைகளில் உள்ளது. அவற்றின் மனிதர்கள் கோபப்படுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், திருந்துகிறார்கள். குழந்தைகள் தங்களை அவர்களில் அடையாளம் காண முடியும். அந்த மனிதர்களை ஒற்றைப் பண்பின் படங்களாக மாற்றுவதும், தொடர்பற்ற கைவேலைகளால் நேரத்தை நிரப்புவதும் இதன் பலவீனம். இக்குறைகளைக் களையப் பெரும் செலவோ புதிய கருவிகளோ தேவையில்லை. கதையை முழுமையாகப் படித்துவிட்டு வரும் ஆசிரியரும், விடைக்காகக் காத்திருக்கும் பொறுமையும் போதும். தன்னார்வலர்களுக்குத் தரப்படும் பயிற்சியில் பாட்டுக்கும் கைவேலைக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் கேள்வி கேட்கும் கலைக்கு ஒதுக்கினால், ஞாயிறு பள்ளி மீண்டும் குழந்தையின் வாழ்க்கையோடு தொடர்புடையதாகும்.