தட்டு வேகம் பிடிக்கும் வரை

கோப்பைச் சேமிக்கப் போனால் சில நேரம் திரை சில நொடிகள் அப்படியே நிற்கும். பெட்டிக்குள் ஒரு ‘டிக்’, பிறகு மெல்ல ஏறும் ரீங்காரம். உறங்கிக் கிடந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க் எழுகிறது. எனக்கு இந்தச் சத்தம் மிகவும் பிடிக்கும்.

விண்டோஸின் வழக்கமான அமைப்பில், 20 நிமிடம் யாரும் தொடாத டிஸ்க்கின் மோட்டார் நின்றுவிடும். நமக்கு வேண்டியது வேறு டிரைவில் இருந்தாலும், கோப்பைத் திறக்கும், சேமிக்கும் சாளரம் பெரும்பாலும் எல்லா டிரைவையும் விசாரிக்கும். அதனால்தான் மொத்தமும் காத்து நிற்கிறது.

அந்த நொடிகளில் நடப்பதுதான் அழகு. அசையாதிருந்த தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 சுற்று என்ற வேகத்தை எட்ட வேண்டும். ஓரத்துச் சரிவில் ஒதுங்கியிருக்கும் படிக்கும் முனை, தட்டோடு சுழலும் காற்று தன்னைத் தாங்கும் அளவுக்கு வேகம் வந்த பிறகே உள்ளே வரும். தட்டுக்கும் அதற்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு! முனை உரசினால் தரவே போய்விடும். இவ்வளவு நுணுக்கத்தை அலுக்காமல் ஒவ்வொரு முறையும் செய்து முடிக்கும் இந்தப் பொறியை நான் மதிக்கிறேன். எஸ்எஸ்டியில் வேகம் உண்டு, இந்த நேர்த்தியான எழுச்சி கிடையாது.

தாமதம் வேலையைக் கெடுக்கிறதென்றால், பவர் ஆப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்க்கை அணைக்கும் நேரத்தை 0 என்று வையுங்கள். விண்டோஸ் அதை உறங்க வைக்காது.