கனவான் தொகுத்த அகராதி

எலிசபெத் காலத்து இலண்டனின் புத்தகக் கடைகளில் நாடகங்களும் காதற் கவிதைகளும் மாத்திரம் விலைபோகவில்லை. திருடர், பிச்சைக்காரர், நாடோடிகள் பற்றிய சிறு பிரசுரங்களும் பெருவாரியாக விற்பனையாயின. ஜோன் ஓட்லி 1561இல் தொடங்கிவைத்த இவ்வரிசையில் 1590களின் தொடக்கத்தில் றொபேட் கிறீனும், 1608இல் தோமஸ் டெக்கரும் வந்து சேர்ந்தனர். ஆங்கில யதார்த்த இலக்கியத்தின் முளைகளை இவற்றிற் காண்பவர் உளர். யாருடைய கண் கண்ட யதார்த்தம் என்று அவர்களைக் கேட்கவேண்டியுள்ளது.

இவ்வகை நூல்களுள் தலையாயது தோமஸ் ஹார்மன் எழுதியது. இன்று நமக்குக் கிடைக்கும் அதன் பதிப்புகளுள் மிகப் பழையது 1567ஆம் ஆண்டுக்குரியது. கென்ற் பிரதேசத்து நிலவுடைமைக் கனவானாகிய ஹார்மன், நோயுற்று வீட்டிலிருந்த காலத்தில், வாசலுக்கு வந்த இரவலரை விசாரித்தார். இன்சொல்லும் காசும் உணவும் கொடுத்தே செய்திகளைப் பெற்றதாக அவரே எழுதுகிறார். பெயர்களையோ சொன்னவற்றையோ வெளியிடுவதில்லை என்று அவர்களுக்கு வாக்களித்ததையும் மறைக்கவில்லை. அவ்வாறு எழுதியவரின் நூலிறுதியில் நாடோடிகளின் நீண்ட பெயர்ப்பட்டியல் அச்சாகியிருக்கிறது! காக்கை வலிப்புக்காரனாக நடித்துப் பிச்சையெடுத்த நிக்கலஸ் ஜெனிங்ஸைத் துரத்திப் பிடித்த கதையைச் சுவையாகவே சொல்கிறார். கதைசொல்லும் ஆற்றல் அவரிடம் உண்டு; அதை மறுப்பது நேர்மையன்று. ஆயின் அது வேட்டைக்காரன் வேட்டையைச் சொல்லும் சுவை.

இந்த மக்கள் எங்கிருந்து வந்தனர்? ஆடுகள் மனிதரை விழுங்குகின்றன என்று தோமஸ் மோர் 1516லேயே எழுதிவிட்டார். கம்பளி வணிகத்தின் பொருட்டு நிலங்கள் வேலியடைக்கப்பட்டன, 1536க்கும் 1540க்கும் இடையில் மடாலயங்கள் கலைக்கப்பட்டன, விலைவாசி ஏறியது. வீதிக்கு வந்தவனுக்கு அரசு அளித்தது சவுக்கடி. 1547ஆம் ஆண்டுச் சட்டம் நாடோடிக்குச் சூடிட்டு இரண்டாண்டு அடிமையாக்க வகைசெய்தது. அது விரைவில் நீக்கப்பட்டாலும், 1572ஆம் ஆண்டுச் சட்டம் சவுக்கடியுடன் வலக்காதைச் சுட்டுத் துளைக்கும்படி விதித்தது. மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் இச்சட்டங்களை வரிசைப்படுத்திக் காட்டியுள்ளார். ஹார்மனின் நூலிலோ வேலியடைப்பு இல்லை. சோம்பலும் கயமையுமே உள்ளன. தலைவனும் படிநிலைகளும் கொண்ட ஒரு சங்கமாகவே திருடருலகை இவ்வெழுத்தாளர் வரைந்தனர். ஏ. எல். பையர் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, வழக்குப் பதிவேடுகளில் தென்படுவோர் பெரும்பாலும் தனியாகவோ இருவராகவோ அலைந்த இளைஞரே. கைத்தொழிற் சங்கங்களிடையே வாழ்ந்த சமுதாயம் தன் உருவையே கள்வரிலும் கண்டது போலும்.

ஆயினும் ஹார்மன் நமக்கு ஒரு செல்வத்தை விட்டுச் சென்றார். அவர்களுடைய குழூஉக்குறிகளை முதன்முதலில் விரிவாகத் தொகுத்து அச்சேற்றியவர் அவரே. கனவான்களை எச்சரிக்க எழுந்த அகராதி அது. அதைத் திருப்பிப் படித்தல் வேண்டும். 'லேஜ்' என்றால் தண்ணீர், 'லப்' மோர், 'கசன்' பாற்கட்டி, 'ஸ்ட்றொமல்' வைக்கோல், 'ஸ்கிப்பர்' படுத்துறங்கும் களஞ்சியம், 'டார்க்மன்ஸ்' இரவு. பசித்தவனுடைய, கூரையற்றவனுடைய சொற்கள் இவை. 'சீற்' என்னும் சொல்லை இன்றைய ஆங்கிலேயர் ஏமாற்று எனக் கொள்வர்; இங்கு அதற்குப் பொருள் என்பதே பொருள். உறுமும் பொருள் பன்றி, பிதற்றும் பொருள் நாக்கு. இத்தகைய நகைச்சுவை உழவரிடையே பிறப்பது. மறுபுறம், 'சற்ஸ்' தூக்குமரம். 'குவியர்' என்பது கெட்டது, 'கஃபின்' மனிதன். இரண்டும் சேர்ந்தால் சமாதான நீதவான்! தொழுமரத்துக்கு வழங்கிய பெயர் 'ஹார்மன்ஸ்'. தற்செயலாயினும் தொகுத்தவருக்குப் பொருத்தமான பெயர்தான்.

பின்வந்தோர் வீதிக்குச் செல்லவில்லை, ஹார்மனிடம் சென்றனர். டெக்கர் அவருடைய சொற்பட்டியலை அள்ளிக்கொண்டார். அத்திருட்டை 1610இல் மற்றொரு பிரசுரம் அம்பலப்படுத்தியது. கள்வரைப் பற்றிய எழுத்தே களவுப் பொருளாயிற்று. எனினும் டெக்கரை ஹார்மனோடு ஒரே தராசில் வைக்க மனம் வரவில்லை. கடனுக்காக 1612 முதல் ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் சிறையிலிருந்தார். 1616இல் தம் நூலை விரித்து வெளியிட்டபோது, கைதிகள், கடன்கொடுத்தோர், சிறைக்காவலர் பற்றிய புதிய அதிகாரங்களைச் சேர்த்தார். அவற்றுக்கு எந்தக் கனவானின் பட்டியலும் அவருக்குத் தேவைப்படவில்லை.