சுட்டியும் வாசகரின் சொல்லும்: யுனிக்ஸ் கைந்நூல் பற்றிய ஒரு நோக்கு

உசாத்துணைக் கைந்நூலை எவரும் முதலிலிருந்து இறுதிவரை படிப்பதில்லை. தேவை எழும்போது திறந்து, வேண்டியதைப் பெற்றதும் மூடிவிடுவர். எனவே அத்தகைய நூலின் வாயில் அதன் சுட்டியேயாகும். அவ்வாயில் யாருக்குத் திறக்கின்றது என்னும் வினாவை, 1979 இல் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கைந்நூலை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

அந்நூலின் முதற் பிரிவில் கட்டளைகள் அவற்றின் பெயர்வரிசைப்படி அமைந்துள்ளன. பெயரை முன்னரே அறிந்தவருக்கே அவ்வரிசை பயன்படும். இக்குறையை ஈடுசெய்வது நூலிற் சேர்க்கப்பட்டுள்ள சுழற்சிச் சுட்டியாகும். 1950களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் வளர்த்தெடுத்த முறையை ஒத்த இச்சுட்டியில், ஒவ்வொரு கட்டளையினதும் ஒருவரி விளக்கம் அதிலுள்ள முக்கிய சொற்கள் ஒவ்வொன்றின் கீழும் மீண்டும் மீண்டும் இடம்பெறும். 'கிறெப்' என்ற பெயரை அறியாதவரும் 'சேர்ச்' என்ற சொல்லின்கீழ் அதனைக் கண்டடையலாம். பெயரறிந்த சிலருக்குரியதாயிருந்த அறிவைப் பலருக்கும் பொதுவாக்கிய முயற்சி என்றவகையில் இது பாராட்டத்தக்கது.

ஆயினும் இதன் எல்லையும் அவதானிக்கத்தக்கது. பொறி இருக்கும் சொல்லைச் சுழற்றுமேயன்றி இல்லாத சொல்லைச் சேர்க்காது. கோப்பினை அழிக்கும் 'ஆர்.எம்.' கட்டளைக்கு 'றிமூவ்' என்ற சொல்லைக்கொண்டே விளக்கம் எழுதப்பட்டது. 'டிலீற்' என்ற சொல்லோடு வருபவரை அவ்விளக்கம் அக்கட்டளையிடம் இட்டுச்செல்லாது. இதனை வாசகரின் அறியாமை எனக் கூறுதல் பொருந்தாது. ஆக்கியோரின் சொற்களஞ்சியமே அனைவரதும் சொற்களஞ்சியம் எனக் கொண்டதன் விளைவே இது.

டொனால்ட் கனூத் 1984 இல் வெளியிட்ட 'ரெக்புக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருட் கைந்நூலின் சுட்டி வேறொரு வழியைக் காட்டுகின்றது. அங்கு முதன்மை விளக்கம் அமைந்த பக்கத்தின் எண் அடிக்கோடிடப்பட்டும், பயன்தரும் எடுத்துக்காட்டு உள்ள பக்கத்தின் எண் சாய்வெழுத்திலும் தரப்பட்டுள்ளன. எது முக்கியம் என்னும் மதிப்பீடு இங்கு செயற்படுகின்றது. வேறுபாடின்றி அடுக்கப்பட்ட பத்துப் பக்க எண்கள் வாசகருக்குச் சுமையேயன்றித் துணையாகா.

இன்று தேடற்பொறி சுட்டியின் தேவையை ஒழித்துவிட்டதென்பர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலும் மேற்கூறிய எல்லைக்குட்பட்டதே, அது மதிப்பிடுவதுமில்லை. ஆகவே பயனுள்ள சுட்டியை ஆக்குவோர், நூலில் இல்லாத வாசகரின் சொல்லுக்கும் இடமளித்து, 'காண்க' என்னும் குறிப்பால் அவரை உரிய பக்கத்திற்கு ஆற்றுப்படுத்தல் வேண்டும். அறிவு நூலில் இருந்தால் மட்டும் போதாது. அதனை நாடுவோர் தம் சொல்லாலேயே அதனை அடைய முடிதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.