பேய்ப் படங்களும் கல்லறைத் திருநாளும்

சென்ற ஆண்டு அக்டோபர் கடைசி வாரத்தில் அத்திப்பட்டுப் பங்கு இளைஞர்கள் சிலர் நம்மிடம் வந்து, “ஃபாதர், ஹாலோவீனுக்கு மன்றத்தில் ஒரு பேய்ப் படம் போடலாமா?” என்று கேட்டனர். சென்னைக் கணினி நிறுவனங்களுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தைய மாலை என்பதே அச்சொல்லின் பொருள் என்று விளக்கினோம். அவர்கள் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. படம் போட இசைந்தோம். எந்தப் படம் என்பதில்தான் யோசனை நீண்டது.

பழைய தமிழ்ப் படங்களில் பேய் பெரும்பாலும் பேயன்று. 1966இல் வெளிவந்த ‘யார் நீ?’ படத்தில் மழை இரவில் வெள்ளுடைப் பெண்ணொருத்தி ஜெய்சங்கரின் காரில் ஏறி அவரை நடுங்க வைக்கிறாள். ‘வோ கோன் தீ?’ என்னும் 1964ஆம் ஆண்டு இந்திப் படத்தின் தழுவல் இது. இறுதியில், சொத்துக்காக ஒருவனைப் பித்தனாக்கத் துணிந்த சூழ்ச்சியே பேயாக உலவியது என்று தெரிகிறது. பார்க்கலாம், மறுநாள் நினைவில் நிற்பது பாட்டு மட்டுமே. (சினிமாப் பேய்களுக்குச் சிலுவை நட்ட கல்லறைத் தோட்டங்கள்மீது ஏனோ தனிப்பிரியம். நம் கல்லறைத் தோட்டத்திலோ இரவில் கொசுவைத் தவிர வேறு தொல்லை இல்லை.)

நம் மனம் நாடியது ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’யை. 1963இல் வந்த அக்கறுப்பு வெள்ளைப் படத்தில் பாழடைந்த மாளிகையின் இருளையும் நிழலையும் கொண்டே அச்சத்தை எழுப்பியிருக்கிறார் ஒளிப்பதிவாளர் வின்சென்ட். மறு ஆண்டே அவர் மலையாளத்தில், பஷீரின் கதையைக் கொண்டு ‘பார்கவி நிலைய’த்தை இயக்கினார்; அதுவும் பேய் வீட்டுக் கதையே.

‘நெஞ்சம் மறப்பதில்லை’ மறுபிறவிக் கதை. மனிதன் ஒருமுறையே இறக்கிறான் என்பது நம் விசுவாசமாதலால் அதன் அடித்தளத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் கதையில் உண்மையாகவே அஞ்சத்தக்கவர் யார்? மீண்டும் பிறந்து வரும் காதலர்கள் அல்லர். அவர்களை முற்பிறவியில் பிரித்த ஜமீன்தார். நூறு வயதைக் கடந்தும் பகை தீராமல் உயிரோடிருக்கும் அந்தக் கிழவராக நம்பியார் வாழ்ந்து காட்டியிருக்கிறார். இறந்தவர்கள் அன்போடு திரும்புகிறார்கள்; இறக்காதவனோ வெறுப்பை விட்டானில்லை. நரகத்தைப் பற்றி நாம் ஆற்றிய மறையுரைகள் எதுவும் அந்த முகத்தளவுக்குப் பேசியதில்லை என்றே சொல்வோம்.

இளைஞர்கள் கேட்டதோ மிஷ்கினின் ‘பிசாசு’, 2014ஆம் ஆண்டுப் படம். பெயரே நமக்கு உவப்பாயில்லை. முதலில் தனியே பார்த்தோம். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பெண்ணை வயலின் கலைஞன் ஒருவன் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறான். அவன் கையைப் பற்றியவாறே அவள் உயிர் துறக்கிறாள். பின் அவன் வீட்டில் ஆவியாய்த் தங்கி அவனுக்குக் காவலாகிறாள். அவளை மோதியவனைத் தேடிப் புறப்படும் அவன், முடிவில் கண்டறிவது தன்னையே. அவள் அதை முன்பே அறிந்திருந்தாள்! நடுவே தேடல் சற்று இழுபடுகிறது. ஆவி வீட்டில் குடியிருப்பதும் மறைக்கல்விக்கு உடன்பாடன்று. ஆனால் பழிவாங்கத் திரும்பும் ஆவிகளையே கண்டு சலித்த நமக்கு, கொன்றவனைக் காக்கத் திரும்பும் ஓர் ஆவி புதிது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’யை ஒத்திவைத்து இதையே திரையிட்டோம்.

மன்றத்தின் கடைசி வரிசையில் ஒரு தாய் அமர்ந்திருந்தார். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி மோதி மகனை இழந்தவர். மோதிய வண்டி நிற்காமலே போய்விட்டது. அவரைக் கண்டதும், இந்தப் படத்தையா போட்டோம் என்று நமக்கு நெஞ்சு பதைத்தது. அவர் எழுந்து போகவில்லை.

கல்லறைத் திருநாளன்று, இறந்தோரின் பெயர்களைத் திருப்பலிக்கு எழுதித் தரும் தாளோடு நம்மிடம் வந்தார். “சாமி, இதில் செத்தவங்க பேரு மட்டும்தான் எழுதணுமா?”

“யாரை எழுத வேண்டும், அம்மா?”

“அந்த டிரைவரை. பேரு தெரியாது.”

பெயர் இல்லாமலே எழுதச் சொன்னோம்.