நீக்காதது மட்டும் போதுமா?

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமத்தையும் தனிம வகைப்பாட்டையும் வெட்டியதிலிருந்து, மும்பை காட்கோபர் டியூஷன் வகுப்புகளில் ஒரு பெருமை கேட்கிறது: 'நம்ம ஸ்டேட் போர்டு புத்தகத்தில் இரண்டும் அப்படியே இருக்கிறது.'

இருக்கிறது, மறுக்கவில்லை. முதல் பாகத்தில் தனிம வகைப்பாடு இரண்டாம் பாடம். இரண்டாம் பாகம் தொடங்குவதே மரபுவழியிலும் பரிணாமத்திலும்தான். சுமையைக் குறைக்கிறோம் என்று அவற்றை வெட்டியது தவறு. ஆனால் பாடம் புத்தகத்தில் இருப்பது வேறு, பிள்ளைக்குப் புரிவது வேறு.

இந்த இரண்டு பாகங்கள்தான் என் நெடுநாள் வழக்கு. பார்ட் ஒன் இயற்பியலும் வேதியியலும், பார்ட் டூ பெரும்பாலும் உயிரியல். தலா 40 மதிப்பெண், தனித்தனி நாளில் தேர்வு, பல இடங்களில் தனித்தனி ஆசிரியர். பார்ட் டூவின் இரண்டாம் பாடத்திலேயே குளுக்கோஸ் பைருவிக் அமிலமாகிறது, கிரெப்ஸ் சுழற்சி சுழல்கிறது. கார்பன் எப்படிப் பிணைகிறது என்று சொல்லும் பாடமோ பார்ட் ஒன்னில் ஒன்பதாவது. வரிசைப்படி நடத்தினால், காமராஜ் நகர் மாணவி பைருவிக் அமிலத்தை மழைக்காலத்தில் உருப்போடுவாள். கார்பாக்சிலிக் அமிலம் என்றால் என்ன என்பது அவளுக்குத் தீபாவளி கழிந்துதான் தெரியவரும்.

செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யில் நிலைமை இன்னும் மோசம். பாஸ்பேட் பிணைப்பு உடைந்தால் ஆற்றல் கிடைக்கும் என்கிறது உயிரியல் வகுப்பு. பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும் என்கிறது வேதியியல். மாணவி இரண்டையும் எழுதி இரண்டு தாளிலும் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறாள். ஏ.டி.பி. நீரோடு வினைபுரியும்போது பழைய பிணைப்பை உடைக்க ஆகும் செலவைவிட, புதிய பிணைப்புகள் உருவாவதாலும் விளைபொருள்கள் நிலைபெறுவதாலும் வரும் வரவு அதிகம். மிஞ்சும் ஆற்றலே செல்லுக்குப் பயன்படுகிறது. இந்த நான்கு வரியை யார் சொல்வது? ஒருவர் 'அது பயாலஜி' என்பார், மற்றவர் 'அது கெமிஸ்ட்ரி' என்பார். இரண்டு ஆசிரியர் இருந்தால் நிபுணத்துவம் கூடும் என்ற வாதம் எனக்கு இங்கேதான் சிரிப்பை வரவழைக்கிறது.

இரண்டு பாகங்களையும் இணைத்துச் செய்துகாட்டுவது கடினமும் இல்லை. பான் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கண்ணாடிக் குவளையில் இறுத்துக்கொள்ளலாம். புளிக்கத் தொடங்கிய இட்லி மாவைப் பாதிவரை பாட்டிலில் ஊற்றி, மூடியில் செருகிய குழாயின் மறுமுனையை அந்தத் தெளிநீருக்குள் விட்டால், சில மணி நேரத்தில் நீர் வெண்மையாகக் கலங்கும். மாவில் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சிதைத்துக் கரியமில வாயுவை விட்டது பார்ட் டூ. அது சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆனது பார்ட் ஒன். இன்னொரு குவளைத் தெளிநீரில் மாணவியே ஸ்ட்ரா வைத்து மெல்ல ஊதினாலும் இதே கலங்கல்தான். மாவிலும் அவள் உடம்பிலும் சர்க்கரை சிதைகிறது என்று ஒரே பீரியடில் பேசி முடிக்கலாம். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சிவிடக் கூடாது.

டியூஷன் வகுப்புகளில் இதற்கு நேரமில்லையாம். அங்கே ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏ.டி.பி. என்று எழுதப் பழக்குவதற்கு நேரம் இருக்கிறது. இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 30 முதல் 32 வரைதான் என்பது வேறு விஷயம்.

புதுப் புத்தகம் அடிக்கச் சொல்லவில்லை. பார்ட் ஒன்னின் ஒன்பதாம் பாடத்தை ஜூனிலேயே நடத்திவிட்டுப் பிறகு சுவாசத்துக்குப் போனால் போதும். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரே பள்ளியின் இரண்டு அறிவியல் ஆசிரியர்கள் பள்ளி திறக்கும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.